வேலிக்காத்தான் இல்லை, கொடுக்காப்புளி

எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் ஒரு படம் வந்தது. பின்பக்கச் சுவரோரம், ஜெனரேட்டர் அறையை ஒட்டி நிற்கும் ஒரு மரம். "இது என்ன மரம்? ஒரே முள்ளா இருக்கு. குழந்தைங்க விளையாடற இடம்" என்று கேட்டிருந்தார் கீழ்த்தளத்துக்காரர். ஓசூரில் எதைக் கேட்டாலும் தமிழ், கன்னடம், தெலுங்கு, இங்கிலீஷ் என்று எல்லா பாஷையிலும் பதில் வரும். வந்தது. எல்லா பாஷையிலும் ஒரே பதில்தான்: சீமைக்கருவேலம், அதாவது வேலிக்காத்தான், வெட்டிவிடுங்கள். நிலத்தடித் தண்ணீரை எல்லாம் அது குடித்துவிடும் என்று ஒருவர் பயமுறுத்தினார். இன்னொருவர் கோடாரிப் படம் போட்டார். இத்தனை பேரில் ஒருவர்கூட இறங்கிப் போய் அந்த மரத்தை நேரில் பார்க்கவில்லை.

அடுப்பில் பால் இருந்தது. அணைத்துவிட்டு, வீட்டுச் செருப்போடு கீழே போனேன். ஒரு கிளையைப் பிடித்துப் பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் வீம்புக்காகப் பார்த்தேன். அங்கேயே நின்று, "அது வேலிக்காத்தான் இல்லை, கொடுக்காப்புளி. யாராவது கை வைத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று தட்டினேன். கோபத்தில் விரல் எங்கே ஒழுங்காக நிற்கிறது, பாதி எழுத்துகள் இடம் மாறித்தான் போயின.  பதிலுக்கு யாரோ ஒருவர் கும்பிடும் கைப் படத்தைப் போட்டார்.

ஒரு மரத்துக்காக இந்தம்மா ஏன் இப்படி எகிறுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். நீங்களும் நினைக்கலாம். அவர்களுக்குச் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

கொடுக்காப்புளியைத் தின்றவர்களுக்குத் தெரியும், அது லேசில் இறங்குகிற பண்டம் இல்லை. முதல் சுளை தித்திக்கும். இரண்டாவது துவர்க்கும். மூன்றாவதை ஆசைப்பட்டு அள்ளிப் போட்டால் தொண்டையை அடைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும். பாரூர் ஏரிக்கால்வாய்க் கரையில் எங்கள் வயல் முடிகிற இடத்தில் ஒன்று இருந்தது. என் அம்மா ஆடுகளுக்குத் தழை ஒடிக்கத் தொரட்டியோடு போவாள். நானும் அக்காவும் காய்க்காகப் பின்னாலேயே ஓடுவோம். எங்களை விட ஆடுகள் சாமர்த்தியம். முள்ளுக்கு நடுவே உதட்டை நீட்டி இலையை மட்டும் உருவத் தெரிந்தவை அவை. நாங்கள் கையெல்லாம் கீறலோடு பள்ளிக்கூடம் போவோம்.

காயைத் தின்றதும் கதை முடியாது. உள்ளே பளபளவென்று கறுப்பு விதை இருக்கும். மேலே உள்ள கறுப்புத் தோலை மட்டும் நகத்தால் உரிக்க வேண்டும். அடியில் இருக்கிற பழுப்புத் தோலில் ஒரு கீறல்கூட விழக் கூடாது, வெள்ளை தெரியக் கூடாது. அப்படி உரித்த விதையை வாசல் நிலைக்கு மேலே வைத்தால் வீட்டுக்கு விருந்தாளி வருவார்கள், விருந்தாளி வந்தால் பலகாரம் வரும். இதுதான் எங்கள் கணக்கு. எனக்குப் பொறுமை பத்தாது, எப்போதும் வெள்ளை தெரிந்துவிடும். அக்கா ஒருமுறை சரியாக உரித்து வைத்தாள். கல்லாவியிலிருந்து பெரியத்தை வந்தார். வந்தவர் ஊருக்குத் திரும்புவதையே மறந்துவிட்டார். அதன் பிறகு அம்மா நிலைக்கு மேலே எதைக் கண்டாலும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

நகத்தால் தோல் உரிப்பது என்றதும் ஒயர் ஞாபகம் வந்துவிட்டது. படிப்பு முடித்து நான் முதலில் வேலைக்குப் போனது போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு ஒயர் கட்டு செய்கிற ஒரு கம்பெனிக்கு. காலையில் உள்ளே போனால் சிவப்பு, பச்சை, மஞ்சள் ஒயர்களைக் கோர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சூடான பிளாஸ்டிக் வாசனை தலைமுடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சீயக்காய் போட்டாலும் போகாது. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முகர்ந்தே எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவார்கள்.

அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு நிறம் உண்டு. செய்த பொருள் சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு. தப்பாக இருந்தால் சிவப்புச் சீட்டு, ரிஜெக்ட். சிவப்பு கட்டிய பொருளை யாரும் தொடக் கூடாது, நேராகக் குப்பைக் கூண்டுக்குத்தான் போகும். நாளெல்லாம் இதையே பார்த்துப் பார்த்து, வீட்டில் சிவப்புத் தாவணியைக் கண்டாலே எனக்குப் பொருள் கெட்டுப்போனது போல இருக்கும். இந்தச் சிவப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா வினையும் இதில்தான் வந்தது.

முதல் ஷிப்ட் மத்தியானம் முடியும். முடிந்த உடனே வெளியே போய்விட வேண்டும், கேட்டுக்குள் நிற்கக் கூடாது என்பது கம்பெனி விதி. ஆனால் எங்களை ஊருக்கு ஏற்றிப்போகும் பேருந்துகள் இரண்டாவது ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு, டிரைவர்கள் டீ குடித்துவிட்டுத்தான் கிளம்பும். அதுவரை எங்கே நிற்பது? கிருஷ்ணகிரி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பாறை சூடு பிடித்தால் காற்றும் சுடும். அந்தச் சாலை முழுக்க நிழல் என்று இருந்தது ஒரே ஒரு கொடுக்காப்புளிதான். எக்காலத்திலும் இலை உதிர்த்து மொட்டையாக நிற்காத மரம். இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் அதன் அடியில்தான் சந்திப்போம். மிச்சமான சோற்றைப் பங்கு போடுவதும், சூப்பர்வைசரைத் திட்டுவதும், யாருக்குப் பெண் பார்க்க வந்தார்கள் என்று கேட்பதும் அங்கேதான். அந்த நேரத்தில் எங்களை யாரும் அதட்ட முடியாது. வீட்டு வேலையும் தொடங்கியிருக்காது, கம்பெனி வேலையும் முடிந்திருக்கும்.

அங்கே எனக்குக் கிடைத்தவர் நாகவேணி அக்கா. வேப்பனப்பள்ளிப் பக்கம் பிறந்து, போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவர். வீட்டில் தெலுங்கு, ஒயர் கோர்க்கிற லைனில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். பெரிய பக்தை. ஒயர் கட்டு தொடங்கும் முன் அதையும் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

ஒரு ஆடி மாதம் வெளிநாட்டிலிருந்து கஸ்டமர் வரப்போவதாகப் பேச்சு வந்தது. கம்பெனியில் அட்மின் சார் என்று ஒருவர் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை, எல்லாவற்றையும் சுத்தமாக்க வேண்டும் என்ற வியாதி மட்டும் உண்டு. சாலையோர சீமைக்கருவேலத்தை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்து, வெட்ட வேண்டிய மரங்களுக்கு அடையாளம் வைக்கச் சொன்னார். அடையாளம் என்றால் அவருக்கு என்ன தெரியும்? ரிஜெக்ட். சிவப்பு. மெஷின் துடைக்கிற சிவப்புத் துணியைக் கிழித்து, முள் இருந்த மரங்களுக்கெல்லாம் கட்டிவிட்டார்கள். எங்கள் கொடுக்காப்புளிக்கும் கட்டிவிட்டார்கள். அதில் அப்போது காயும் இல்லை, பூவும் இல்லை, முள் மட்டும்தான் இருந்தது.

ஆடி மாதத்தில், ஜனங்கள் வந்துபோகிற இடத்தில், ஒரு பெரிய மரத்துக்குச் சிவப்புத் துணி கட்டினால் எங்கள் ஊரில் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. முதல் வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசியிருந்தது. அடுத்து குங்குமம். பிறகு முள்ளில் எலுமிச்சம்பழங்கள், கிளையில் கண்ணாடி வளையல்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து கூழ் கொண்டுவந்து ஊற்றினார்கள். பொக்லைன் வந்து வேலிக்காத்தானையெல்லாம் வேரோடு பிடுங்கியது. எங்கள் மரத்துக்கு முன்னால் வந்ததும் டிரைவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"ஏம்பா, இது நான் கட்டின துணிப்பா! மெஷின் தொடைக்கற துணி!" என்று அட்மின் சார் கத்தினார்.

"யார் கைல கட்ட வெச்சா என்னாங்க சார், அம்மா கட்டிக்கினாளா இல்லியா? நான் புள்ளகுட்டிக்காரன், வேற ஆளப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் மரம் குலுங்கியிருக்கும். முதல் மஞ்சளைப் பூசியது நாகவேணி அக்காதான் என்பது எனக்குத் தெரியும். சாமிக்கா, மரத்தைக் காப்பாற்றவா என்று கேட்டதற்கு, "ஏமே, பாதி மரத்துக்கு, பாதி நெஜமாத்தான்" என்றார். மரம் பிழைத்தது என்று நானும் நிம்மதியாக இருந்தேன். எனக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவு கிடையாது, ஆனாலும் அந்தத் துணியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

நிம்மதி நிலைக்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து வெள்ளை வேட்டியில் ஒருவர் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். சுற்றிலும் மேடை கட்டப் போகிறோம், கம்பிக் கதவு போடப் போகிறோம், உண்டியல் வைக்கப் போகிறோம் என்றார். அன்றைக்கே செருப்போடு நிற்கக் கூடாது என்றார். மறுநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக் கூடாது என்றார். அடுத்து, நாங்கள் அத்தனை பேரும் நிற்கும்போது, குரலைத் தாழ்த்தக்கூட இல்லை, "தீட்டுக்காரங்க அந்தாண்ட போயி நில்லுங்க" என்றார்.

அந்தாண்ட என்றால் வெயில். நாகவேணி அக்காவுக்கு அன்று அந்த நாள். அவர் பையை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போய் நின்றார். இன்னும் நான்கைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனார்கள். தார் உருகுகிற வெயில். காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை செய்துவிட்டு வந்த பெண்கள். எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போதும் என்னால் அடக்க முடியவில்லை. வெட்டுகிறேன் என்றவன் நிழலைப் பிடுங்க வந்தான். கும்பிடுகிறேன் என்றவனும் அதைத்தான் பிடுங்கினான். இரண்டு பேரில் ஒருவனுக்கும் அது என்ன மரம் என்று தெரியாது.

நேராகப் போய்த் துணியில் கை வைத்தேன். முள் உள்ளங்கையில் ஏறியது. வேட்டிக்காரர், "ஏய், ஏய், இன்னா பண்ற? கண்ணு போயிடும்!" என்று ஓடி வந்தார்.

"போனா என் கண்ணுதான போவுது? இது ரிஜெக்ட் துணிங்க. இது கொடுக்காப்புளி மரம். சாமி கும்படணும்னா உங்க ஊர்ல கோயில் கீது, அங்க போயி கும்புடுங்க" என்றேன்.

எனக்கு அப்படிப் பேச வரும் என்று எனக்கே தெரியாது. முடிச்சு அவிழ வேண்டுமே, அவிழவில்லை. பல்லால் கடித்தேன். வாயில் மஞ்சளும் கிரீசும் சேர்ந்து ஒரு ருசி. பின்னாலிருந்து ஒரு கை வந்து கிளையைத் தாழ்த்திப் பிடித்தது. நாகவேணி அக்கா. துணி கைக்கு வந்ததும் அதை வாங்கி, தூசி தட்டி, நாலாக மடித்து, "அம்மா தாயே, இங்க வேணாம், எங்க ஊட்டுக்கு வந்துடு. அங்க யாரும் யாரையும் வெயில்ல நிக்கச் சொல்லமாட்டோம்" என்று சொல்லி டப்பாப் பைக்குள் வைத்துக்கொண்டார். வேட்டிக்காரர் வேட்டியை மடித்துக்கொண்டு ஊர்ப் பக்கம் நடந்தார். அம்மனே கிளம்பிப் போய்விட்ட இடத்தில் அவர் மட்டும் எதற்கு நிற்பார்.

நானும் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். மறுநாள் அட்மின் சார் உற்சாகமாகக் கேன்டீனுக்கு வந்தார். "அம்மன் காலி பண்ணிட்டாங்களாமே? அப்ப வெட்டிடலாம்" என்றார். புத்திசாலித்தனமாக ஏதோ செய்யப் போய், இருந்த ஒரே காவலையும் நானே அவிழ்த்துவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார், அது சீமைக்கருவேலமே இல்லை" என்றேன்.

"முள் இருக்கே."

"முள்ளு ரோஜாவுலயும்தான் இருக்குது."

சாப்பாட்டு மேசையில் எங்கள் மரத்துக் கொத்து ஒன்றையும், பின்பக்கத் தரிசில் முளைத்திருந்த சீமைக்கருவேலக் கொத்து ஒன்றையும் கொண்டுவந்து வைத்தோம். சீமைக்கருவேல இலை சீப்பின் பல்லைப் போல வரிசையாக, பொடிப்பொடியாக இருக்கும். கொடுக்காப்புளியில் ஒரு காம்பு இரண்டாகப் பிரியும், ஒவ்வொரு பிரிவின் நுனியிலும் ஒரு ஜோடி இலைதான். ஆக நாலு இலை, அவ்வளவுதான் கணக்கு. கொடுக்காப்புளிப் பூ வெள்ளையாகக் குட்டி உருண்டை. சீமைக்கருவேலப் பூ மஞ்சளாகத் திரி மாதிரி தொங்கும். அதன் காய் சுருண்டுகொள்ளும், இதன் காய் நீண்டு கிடக்கும். நாங்கள் ஆளுக்கொன்று சொல்லச் சொல்ல, அவர் போனை எடுத்து இலையைப் படம் பிடித்தார். அது ஒரு நீளமான பெயரைச் சொன்னது. அவர் முகம் மலர்ந்தது.

"நீங்க சொன்னது கரெக்ட்தான்மா. வேற மரம். ஆனா பாருங்க, இதுவும் ஃபாரின் மரம். மெக்சிகோ. நம்ம ஊர் மரமே இல்ல."

 நான் அவர் தட்டைப் பார்த்தேன். "சார், உங்க சாம்பார்ல கெடக்கற மொளகாயும் அந்தப் பக்கத்துலர்ந்து வந்ததுதான். தக்காளியும்தான். எடுத்து வெச்சிட்டுச் சாப்புடறீங்களா? நாகவேணி அக்கா வேப்பனப்பள்ளி. நீங்க தஞ்சாவூர். இந்தக் கம்பெனியே எந்தத் தேசத்துதுன்னு எனக்குத் தெரியாது. யார் யாரையெல்லாம் வெட்டலாம், சொல்லுங்க."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் முடிவை மாற்றவில்லை. சிரித்துக்கொண்டே வெட்டுகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டு நாளில் வேறொரு பொக்லைன் வந்தது, வேறொரு டிரைவர். ஷிப்ட் மாறுகிற மத்தியானம். நாங்கள் வெளியே வந்தோம், இரண்டாவது ஷிப்ட் பெண்கள் இறங்கினார்கள். யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. நாகவேணி அக்கா மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் நிழல் போதவில்லை, பொக்லைன் நிழலிலும் உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே சைரன் ஊதியது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. செக்யூரிட்டி வந்தார், போனார். சூப்பர்வைசர் வந்தார், கெஞ்சினார். லைன் ஓடாமல் நின்றது. ஓடாமல் நிற்கிற லைனுக்கு என்ன மரியாதை என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

அட்மின் சார் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "ஏம்மா, ஒரு மரத்துக்காகவா?"

"ஆமாங்க சார்" என்றார் நாகவேணி அக்கா, வாயில் சோற்றோடு. "ஒரு மரத்துக்காகத்தான். நெறைய மரம் இருந்துச்சுன்னா நாங்க ஏன் கேக்கறோம்?"

அவர் பொக்லைனைப் போகச் சொன்னார். மறுநாள் காலை அந்தக் கிளையில் ஒரு பச்சைச் சீட்டு தொங்கியது. யார் கட்டியது என்று விசாரணை நடந்தது. என் பையில் அப்படி நிறையச் சீட்டுகள் இருந்ததை யாரும் கேட்கவில்லை.

அடுத்த மாசியில் அந்த மரம் காய்த்த காய்ப்பு இருக்கிறதே! பேருந்து முழுக்கச் சுருள் சுருளாகத் தோல். டிரைவர் திட்டிக்கொண்டே தின்றார். வெளிநாட்டுக் கஸ்டமருக்கும் யாரோ ஒரு சுளை கொடுத்தார்களாம், தொண்டை அடைத்து இருமினார் என்று கேள்வி. என் ஒப்பந்தம் முடிந்தபோது நீட்டிக்கவில்லை. மரத்துக்காக என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிவிட்டுச் செய்கிற வழக்கம் எங்கேயும் இல்லை. எனக்கு வருத்தம் உண்டா என்றால் அப்போது உண்டு, இப்போது இல்லை. ஓசூருக்கு வந்து வேறு கம்பெனி, வேறு ஒயர், கல்யாணம், கடனில் வாங்கிய வீடு என்று நாட்கள் ஓடிவிட்டன.

போன வருஷம் ஊருக்குப் போகும் வழியில் அந்தச் சாலையில் இறங்கினேன். சாலை அகலமாகிவிட்டது. பேருந்து நிறுத்தத்துக்குத் தகரக் கூரை போட்டிருக்கிறார்கள், மத்தியானத்தில் அதன் அடியில் நிற்க முடியாது, கொதிக்கிறது. இப்போது வேன்கள் நேராகக் கேட்டுக்குள்ளேயே போய்விடுகின்றன. பெண்கள் இறங்குவதும் ஏறுவதும் உள்ளேதான், ஒரு ஷிப்ட் பெண்ணுக்கு அடுத்த ஷிப்ட் பெண்ணின் முகம் தெரியாதாம். மரம் இல்லை. தூர்கூட இல்லை. அந்த இடத்தில் தார்.

நாகவேணி அக்காவுக்குப் போன் போட்டேன். "எப்பக்கா வெட்டுனாங்க?"

"பொங்கலு லீவுலமே. எல்லாரும் ஊருக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து பாத்தா இல்ல."

 எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது வேறு ஒன்று, அதை நான் சந்தோஷம் என்றுதான் சொல்வேன். கம்பெனி ஓடுகிற நாளில் வெட்ட வரவில்லை. ஷிப்ட் மாறுகிற நேரத்தில் வரவில்லை. அத்தனை பெரிய இயந்திரத்தை வைத்துக்கொண்டும், நாங்கள் ஒருத்திகூட இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள்.